பயாப்ஸி பிளாக்கில் தொடங்கும் தடுப்பு: பரம்பரைப் பெருங்குடல் புற்றும் லிஞ்ச் நோய்க்குறியும்

பெருங்குடல் புற்றுநோய் வந்த நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்கு அதன் வேர் லிஞ்ச் நோய்க்குறியில் இருக்கிறது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பழுதான ஒரு மரபணுவை வாங்கிக்கொண்டு பிறந்தவர்கள் அவர்கள். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அந்த மூவரில் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது. உடன்பிறந்தவர்களிலும் பிள்ளைகளிலும் சராசரியாகப் பாதிப்பேர் அதே பழுதைச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் நோய் வரவில்லை. வராமல் தடுக்கவும், வந்தாலும் கைமீறும் முன் பிடிக்கவும் வழி இருக்கிறது. பொதுமக்களில் சுமார் 280 பேருக்கு ஒருவர் இந்தப் பழுதோடு வாழ்கிறார் என்பது மேலைநாட்டு ஆய்வுகளின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

கருவிகள் இல்லாததால் அல்ல. கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு, அதில் செய்யும் சாயப் பரிசோதனை, ஒரு குழல் இரத்தம், உறவினர்களுக்குப் போய்ச்சேரும் தகவல், குறித்த இடைவெளியில் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது). இந்த ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் இரண்டாவது படியிலோ நான்காவது படியிலோ காரியம் நின்றுவிடுகிறது.

பழுது எதில் இருக்கிறது

செல் பிரியும்போது டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும் நொதி அவ்வப்போது தவறும். ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் அதிகம் தவறும்: பத்து ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதோ பதினொன்றோ விழுந்துவிடும். அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்ப்பவரைப்போல, பின்னாலேயே வந்து இதைத் திருத்தும் புரதங்கள் நம் செல்களில் உள்ளன. எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் இணைந்து பிழையைப் பிடிக்கின்றன. எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் இணைந்து அந்த இடத்தை வெட்டித் திருத்தச் செய்கின்றன. இந்த நான்கு மரபணுக்களில் ஒன்றில் பிறவியிலேயே பழுது இருப்பதுதான் லிஞ்ச். எம்.எஸ்.எச்.2-க்குப் பக்கத்திலிருக்கும் எபிகேம் என்ற மரபணுவின் கடைசிப் பகுதி அறுந்துபோனாலும் எம்.எஸ்.எச்.2 ஊமையாகிவிடும். அதையும் சேர்த்தால் ஐந்து.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. லிஞ்ச் உள்ளவர் ஒரு பழுதான பிரதியோடு பிறக்கிறார், மற்றது வேலை செய்துகொண்டிருக்கும். என்றைக்கோ குடலின் ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் கெடும்போது, அச்செல்லில் திருத்துவார் யாரும் இல்லை. பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. வளர்ச்சியை அடக்கும் டி.ஜி.எஃப்.பி.ஆர்.2 மரபணுவில் தொடர்ந்து பத்து ‘ஏ’ கொண்ட ஓர் இடம் உண்டு. முதலில் உடையும் இடங்களில் அதுவும் ஒன்று. இதனால்தான் லிஞ்ச் உள்ளவர்களுக்குப் பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சி) புற்றாக மாறும் வேகம் அதிகம். சாதாரணமாகப் பத்து ஆண்டு அளவில் எடுக்கும் அந்த மாற்றம் இவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குள் நடந்துவிடக்கூடும். ‘பத்து வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி போதும்’ என்ற பொதுவான அறிவுரை இவர்களுக்கு ஆபத்தானது.

எந்த மரபணு என்பதைப் பொறுத்து ஆபத்தின் அளவு மாறுகிறது. பல நாடுகளின் லிஞ்ச் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த தரவுகளின்படி, 75 வயதுக்குள் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 பழுதில் ஏறத்தாழ 50 விழுக்காடு, எம்.எஸ்.எச்.6-ல் 20 விழுக்காட்டை ஒட்டி, பி.எம்.எஸ்.2-ல் சுமார் 10. பெண்களுக்கு முதல் மூன்று மரபணுக்களிலும் கருப்பை உட்சுவர்ப் புற்றின் வாய்ப்பு 35 முதல் 50 விழுக்காடு வரை. எம்.எஸ்.எச்.6 உள்ள பெண்ணுக்குக் குடலைவிடக் கருப்பையில்தான் ஆபத்து அதிகம். சினைப்பை, இரைப்பை, சிறுகுடல், சிறுநீர்க்குழாய், பித்தநாளம் ஆகியவற்றிலும் புற்று வரலாம். ஆகவே “எங்கள் வீட்டில் குடல் புற்று யாருக்கும் இல்லை, அம்மாவுக்குக் கர்ப்பப்பையில்தான்” என்று ஒருவர் சொல்வது லிஞ்சுக்கு எதிரான சான்று அல்ல. அது லிஞ்சுக்கான சான்று.

குடும்பக் கதையைக் கேட்கும் விதம்

இந்த நோய் முதலில் தெரியவந்ததே ஒரு பெண் தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதால்தான். 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த ஆல்ட்ரெட் வார்தினிடம், அவருக்குத் தையல் வேலை செய்துவந்த பெண், தன் வீட்டில் எல்லாரும் வயிற்றிலோ கருப்பையிலோ புற்று வந்து இறப்பதாகவும் தானும் அப்படியே சாவேன் என்றும் சொன்னார். பிற்பாடு அவர் கருப்பைப் புற்றால் இளவயதிலேயே இறந்தார். வார்தின் 1913-ல் அக்குடும்ப வரலாற்றை வெளியிட்டார். அரை நூற்றாண்டு அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒமாஹா நகரில் பணியாற்றிய ஹென்றி லிஞ்ச் 1966-ல் அதேபோன்ற இரு குடும்பங்களை விவரித்தார். எம்.எஸ்.எச்.2 மரபணு 1993-ல் பிடிபட்டது. வார்தினின் குடும்பத்தில் ஓடியது அதே மரபணுவின் பழுதுதான் என்று 2000-ல் உறுதியானது.

இன்றும் குடும்பக் கதைதான் முதல் தடயம். ஆனால் புறநோயாளிப் பிரிவில் “வீட்டில் யாருக்காவது கேன்சர் இருக்கிறதா?” என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும். கட்டிக்கொடுத்துப் போன அத்தையின் நோயும், வெளியூரில் இறந்த பெரியப்பாவின் நோயும் அந்தக் கேள்விக்குள் வருவதில்லை. அப்பா வழி, அம்மா வழி என்று பிரித்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: உயிரோடு இருக்கிறாரா, எந்த வயதில் என்ன நோய், எந்த மருத்துவமனையில் அறுவை, பயாப்ஸி அறிக்கை யாரிடம் இருக்கிறது. “வயிற்றில் கட்டி”, “குடலில் அடைப்பு”, “இரத்தம் போய்ப் போய் இளைத்துவிட்டார்” போன்ற சொற்களை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு இடங்களில் தடயம் மறைந்துவிடுகிறது. ஒன்று, கருப்பை நீக்கம். நம் ஊரில் நாற்பது வயதுக்குள் கருப்பையை எடுத்துவிட்ட பெண்கள் பலர். ‘அதிக உதிரப்போக்கு’ என்று மட்டுமே வீட்டில் தெரிந்திருக்கும். எடுத்த கருப்பையைப் பெத்தாலஜிக்கு அனுப்பினார்களா, அறிக்கையில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. புற்று வரும் முன்பே கருப்பை போயிருந்தால், அந்தப் பெண் பழுதைச் சுமந்தாலும் குடும்பக் கதையில் ஆரோக்கியமானவராகவே தெரிவார். மற்றொன்று, மூலம். மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று முடிவுகட்டி, குழாய் விட்டுப் பார்க்காமலேயே ஆண்டுக்கணக்கில் களிம்பும் லேகியமும் கொடுக்கப்பட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலர் புற்றோடு இறந்திருப்பார்கள். குடும்ப நினைவில் அது “மூலம் முற்றி இறந்தார்” என்று பதிந்திருக்கும். முப்பது வயதுக்காரருக்கும், இரத்தப்போக்கோடு இரத்தசோகையோ மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றமோ இருந்தால், உள்ளே பார்க்காமல் மூலம் என்று சொல்லக் கூடாது.

ஆம்ஸ்டர்டாம் வரையறை என்று ஒன்று உண்டு: லிஞ்ச் சார்ந்த புற்று மூன்று உறவினருக்கு, அவர்களில் ஒருவர் மற்ற இருவருக்கும் நேரடி இரத்த உறவு, குறைந்தது இரண்டு தலைமுறை, ஒருவருக்காவது 50 வயதுக்குள். இது பொருந்தினால் சந்தேகம் மிக வலுவானது. பொருந்தவில்லை என்பதற்காக விட்டுவிடுவதுதான் தவறு. இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் இன்றைய குடும்பங்களில் மூன்று பேர் சேர்வதற்கு வாய்ப்பே குறைவு. அதனால்தான் வயதும் குடும்பக் கதையும் பாராமல், பெருங்குடல் புற்று வந்த எல்லாருடைய கட்டியையும் சோதிக்க வேண்டும் என்று பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-லேயே இதைப் பரிந்துரைத்துவிட்டது. நம் மருத்துவமனைகளும் அதையே வழக்கமாக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

நான்கு சாயங்கள் சொல்வது

பயாப்ஸித் துணுக்கைப் ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்துப் பிளாக் ஆக்குகிறார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, நான்கு புரதங்களுக்கும் தனித்தனியாகச் சாயமேற்றிப் பார்ப்பது இம்யூனோ பரிசோதனை. புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும்.

இதைப் படிக்கும் முறை எளிது, ஆனால் வரிசை முக்கியம். எம்.எஸ்.எச்.2 இல்லாமல் எம்.எஸ்.எச்.6 நிலைக்காது, எம்.எல்.எச்.1 இல்லாமல் பி.எம்.எஸ்.2 நிலைக்காது. தலைகீழாகச் சொன்னால் அது பொருந்தாது. ஆகவே எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் காணாமல்போனால் பழுது பெரும்பாலும் எம்.எஸ்.எச்.2-ல். எம்.எஸ்.எச்.6 மட்டும் காணவில்லை என்றால் அதிலேயே. பி.எம்.எஸ்.2 மட்டும் என்றாலும் அப்படித்தான். இம்மூன்று நிலையிலும் நேராக இரத்தத்தில் மரபணுப் பரிசோதனைக்குப் போகலாம்.

எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் சேர்ந்து காணாமல்போவதில் மட்டும் நிதானம் வேண்டும். வயதானவர்களின் கட்டியில், பிறவிப் பழுது ஏதுமின்றி, எம்.எல்.எச்.1 மரபணுவின் தொடக்கப் பகுதி மெத்தில் என்ற வேதிக்கூறின் பூச்சால் அடைபட்டு இதே தோற்றத்தைத் தரும். அப்போது அதே பிளாக்கில் பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் லிஞ்ச் என்பது ஏறக்குறைய விலகிவிடும். இல்லையென்றால் மெத்தில் அடைப்பைச் சோதிக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் இரத்தப் பரிசோதனை.

எங்கெல்லாம் தவறுகிறது? துணுக்கு சரியாகப் பதப்படாவிட்டால் சாயம் எங்குமே ஏறாது. அதைப் ‘புரதம் இல்லை’ என்று படித்துவிட்டால் வீண் கலக்கம். கட்டியைச் சுற்றியுள்ள சாதாரண செல்களும் இரத்த வெள்ளணுக்களும் பழுப்பேறியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அவையும் ஏறவில்லை என்றால் அந்த ஸ்லைடு செல்லாது, மறுபடி செய்ய வேண்டும். மலக்குடல் புற்றுக்குக் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தபின் எடுத்த பகுதியில் எம்.எஸ்.எச்.6 சாயம் மங்கிப்போகலாம். அங்கே சிகிச்சைக்கு முந்தைய பயாப்ஸியில் செய்வதே நல்லது. இன்னொன்று: பழுதான புரதம் வேலை செய்யாமலே வடிவம் மாறாமல் நின்று சாயம் ஏற்றுக்கொள்வதும் உண்டு. குடும்பக் கதை வலுவாக இருந்தால், சாயம் நன்றாக இருக்கிறது என்பதற்காக நிறுத்திவிடக் கூடாது.

பரிசோதனையை அறுவைக்கு முன்பே செய்வதற்கு வலுவான காரணம் உண்டு. லிஞ்ச் உள்ளவருக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் வெட்டினால், எஞ்சிய குடலில் புதிதாக இன்னொரு புற்று வரும் வாய்ப்பு 10 ஆண்டில் 16 விழுக்காடு, 20 ஆண்டில் 41, 30 ஆண்டில் 62 என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. இளவயதுக்காரருக்குப் பெருங்குடலின் பெரும்பகுதியை எடுத்துச் சிறுகுடலை மலக்குடலோடு இணைப்பதா என்று அறுவை மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கும். அறிக்கை அறுவைக்குப் பிறகு வந்தால் அந்த யோசனைக்கே இடமில்லை. மருந்திலும் வேறுபாடு உண்டு. இரண்டாம் நிலை (ஸ்டேஜ் 2) கட்டியில் இந்தத் திருத்தப் பழுது இருந்தால், 5-எஃப்.யூ. என்ற கீமோ மருந்தைத் தனியாகக் கொடுப்பதால் பலன் தெரியவில்லை. முற்றிய நிலையிலோ, பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் இவர்களுக்குத்தான் நன்றாக வேலை செய்கின்றன.

நோயாளி இறந்துவிட்டாலும் பிளாக் இருக்கும். அப்பாவின் அறுவை நடந்த மருத்துவமனையின் பெத்தாலஜித் துறையில், பயாப்ஸி எண்ணோடு எழுதிக் கேட்டால், பிளாக்கையோ சாயமேற்றாத ஸ்லைடுகளையோ பெரும்பாலும் தருவார்கள். எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆகவே தள்ளிப்போடக் கூடாது. மெழுகுப் பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு குழல் இரத்தம்

இரத்தப் பரிசோதனையைக் குடும்பத்தில் முதலில் யாருக்குச் செய்வது? புற்று வந்தவருக்கு. நோயில்லாத மகன் முதலில் போய்ச் செய்துகொண்டு, ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வந்தால், அதற்கு இரண்டு பொருள் இருக்க முடியும்: குடும்பப் பழுது அவருக்கு வரவில்லை, அல்லது குடும்பப் பழுதை அந்தப் பரிசோதனையால் பிடிக்கவே முடியவில்லை. எது என்று சொல்ல முடியாது. நோயுற்றவரிடம் பழுதின் சரியான இடம் தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறைவு, பதிலும் உறுதி.

ஊதா மூடியிட்ட இ.டி.டி.ஏ. குழலில் சில மில்லி இரத்தம் எடுப்பார்கள். எச்சிலும் பயன்படும். இரத்தப் புற்றுக்காக எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவருக்கு மட்டும் இரத்தம் கூடாது; தானம் செய்தவரின் மரபணுதான் தெரியும். ஐந்து மரபணுக்களையும் உள்ளடக்கிய பட்டியல் பரிசோதனையாக இருக்க வேண்டும். பெரிய துண்டுகள் விடுபட்டுப்போனதைக் கண்டறியும் பகுதியும் அதில் இருக்க வேண்டும். எம்.எஸ்.எச்.2, எபிகேம் பழுதுகளில் கணிசமானவை அப்படிப்பட்டவை, எழுத்துப் பிழையை மட்டும் தேடும் பரிசோதனை அவற்றைத் தவறவிடும். பி.எம்.எஸ்.2-க்கு அதைப்போலவே இருக்கும் போலி மரபணு ஒன்று உண்டு. அதனால் அதில் ஏதாவது பழுது தெரிந்தால், எந்த முறையில் உறுதிசெய்தார்கள் என்று ஆய்வகத்தைக் கேட்க வேண்டும்.

அறிக்கையில் குழப்பம் தருவது ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்ற முடிவு. இந்தியர்களின் மரபணுத் தரவு உலகத் தொகுப்புகளில் குறைவாக இருப்பதால் நமக்கு இது அடிக்கடி வருகிறது. அதை நோய் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, நலம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை வைத்து உறவினரைச் சோதிக்கவோ கருப்பையை எடுக்கவோ கூடாது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் மறுமதிப்பீடு கேட்கலாம். பெரும்பாலானவை பின்னர் தீங்கற்றவை என்று மாறிவிடுகின்றன. அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதற்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனைக்கு முன்பே ஒருமுறை, முடிவு வந்தபின் ஒருமுறை அவர்களிடம் பேசுவது நல்லது.

பழுது உறுதியானபின், அதன் குறியீடு அச்சிட்ட அறிக்கையின் நகலை உறவினர் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். ‘குடும்பத்தில் கேன்சர் மரபணு’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஆய்வகத்துக்கு எதைத் தேடுவது என்று தெரியாது. உடன்பிறந்தார், பிள்ளைகளுக்கு வாய்ப்பு 50 விழுக்காடு. அண்ணன் மகன், அக்காள் மகளுக்கு 25. பழுது வந்த வழியிலுள்ள சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகளுக்கும் 25. ஆண், பெண் வேறுபாடில்லை. அப்பா ஜாடையில் பிறந்த பிள்ளைக்குத்தான் அப்பாவின் நோய் வரும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையே கிடையாது. பழுது தலைமுறை தாண்டிக் குதிப்பதும் இல்லை. பழுதைச் சுமந்த ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் புற்று வராமல் இருக்கலாம், பார்ப்பவருக்கு அது குதித்ததைப்போல் தெரியும். சோதித்து ‘இல்லை’ என்று வந்தவரின் பிள்ளைகளுக்கு அவர் வழியாக அது வராது. அவருக்கும் மற்றவர்களுக்கு உள்ள அளவு ஆபத்துதான், ஆண்டுதோறும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. லிஞ்சுக்கு 18 வயதுக்கு முன் சோதிக்கத் தேவையில்லை.

கல்யாணச் சந்தையையும் காப்பீட்டையும் நினைத்துப் பலர் மறைக்கிறார்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, மரபணு நோய் என்ற காரணத்தைக் காட்டி மொத்தமாக விலக்குவது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. கல்யாணத்தைப் பொறுத்தவரை, தங்கையிடம் மறைப்பதால் அவளுக்குக் கிடைப்பது சம்பந்தமல்ல, நாற்பது வயதில் முற்றிய கட்டி.

கொலோனோஸ்கோபி: இடைவெளி, தயாரிப்பு, அறிக்கை

எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 என்றால் 20-25 வயதில் தொடங்கி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்றால் 30-35 வயதில் தொடங்கலாம். குடும்பத்தில் ஒருவருக்கு மிக இளவயதில் வந்திருந்தால் அந்த வயதுக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு முன்னதாகவே தொடங்க வேண்டும். பின்லாந்தில் 252 பேரை 15 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தவர்களிடம் பெருங்குடல் புற்று 62 விழுக்காடு குறைந்தது. மலத்தில் மறைந்த இரத்தம் பார்க்கும் பரிசோதனை இவர்களுக்கு மாற்று ஆகாது.

லிஞ்ச் பாலிப்புகள் வலப்பக்கத்தில், தட்டையாக, மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் தெரியாது. ஆகவே பாதி வேலை நோயாளியின் கையில். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, மாதுளை, தக்காளி, முழுப் பயறு, கேழ்வரகு, எள் ஆகியவற்றை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சோறு, இட்லி, மோர், முட்டை, மீன் என்று சக்கை குறைந்ததைச் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அது மலத்தைக் கருப்பாக்கி ஒட்டவைக்கும். முந்தைய நாள் தெளிந்த திரவம் மட்டும்: வடிகட்டிய இளநீர், பாலில்லாத டீ, தெளிந்த சூப். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் வேண்டாம். உள்ளே இரத்தம்போல் தெரியும்.

குடலைக் கழுவும் பாலிஎத்திலீன் கிளைகால் கரைசலை முந்தைய மாலையிலேயே முழுவதும் குடித்து முடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து வரும் கசடு வலப்பக்கக் குடலில்தான் படியும். பாதியை முந்தைய மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பும் குடித்து, இரண்டு மணி நேரம் முன்னதாக முடித்துவிட வேண்டும். கடைசியாகப் போவது சிறுநீரைப்போல் தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து ஆகியவற்றை எப்படி மாற்றுவது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறிக்கையில் மூன்று விவரங்களைத் தேடுங்கள். குழாய் குடலின் தொடக்க முனை வரை போனதற்கான படம்: குடல்வால் துளை தெரிய வேண்டும். சுத்தத்தின் மதிப்பெண்: பாஸ்டன் அளவுகோலில் மூன்று பகுதிக்கும் தலா 2-க்குக் குறையக் கூடாது. குழாயை வெளியே இழுத்துக்கொண்டே பார்த்த நேரம்: குறைந்தது ஆறு நிமிடம். சுத்தம் போதவில்லை என்று எழுதியிருந்தால், அந்தப் பரிசோதனையைக் கணக்கில் சேர்க்காமல் விரைவிலேயே மறுபடி செய்ய வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தவர்களிலும் சிலருக்குப் புற்று வருகிறது. எல்லா லிஞ்ச் புற்றும் பாலிப் வழியாக வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத குடல் சுரப்பிக் குழியிலிருந்து நேரடியாக முளைப்பவையும் உண்டு. ஆனால் கண்காணிப்பில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் ஆரம்ப நிலையில் பிடிபடுகிறது, குணமாகிறது.

ஆஸ்பிரின், கருப்பை, இரைப்பை

பிரிட்டனின் மரபியல் மருத்துவர் ஜான் பர்ன் தலைமையில் நடந்த கேப்2 ஆய்வில் 861 லிஞ்ச் நோயாளிகள் பங்கேற்றனர். நாளுக்கு 600 மில்லிகிராம் ஆஸ்பிரினைச் சராசரியாக இரண்டு ஆண்டு சாப்பிட்டவர்களில் 9 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் பெருங்குடல் புற்று வந்தது. பலன் உடனே தெரியவில்லை, ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. நடைமுறையில் பல மருத்துவர்கள் இதைவிடக் குறைந்த அளவையே தருகிறார்கள். தானாக வாங்கிச் சாப்பிடும் மருந்து அல்ல இது. இரைப்பைப் புண் இருந்தால் இரத்தம் கசியும், ஆகவே முதலில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்து ஒழிக்க வேண்டும். இரைப்பைப் புற்றைத் தடுக்கவும் அது உதவும். நம் ஊருக்கு இன்னொரு எச்சரிக்கை: டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரினை நிறுத்திவைப்பது பற்றி அன்றைக்கே மருத்துவரைக் கேட்க வேண்டும். அதே கேப்2 தரவில், உடல் பருமன் உள்ள லிஞ்ச் நோயாளிகளுக்குப் பெருங்குடல் புற்றின் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

கருப்பைக்குக் கொலோனோஸ்கோபி போன்ற நிரூபணமான கண்காணிப்பு இன்னும் இல்லை. ஆண்டுதோறும் ஸ்கேனும் உட்சுவர்ப் பயாப்ஸியும் சில இடங்களில் செய்கிறார்கள், அதன் பலன் அவ்வளவு உறுதியாகவில்லை. பிள்ளைப்பேறு முடிந்தபின், நாற்பது வயதை ஒட்டிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவது உறுதியான வழி. 2006-ல் வெளியான ஆய்வில், அப்படி எடுத்துக்கொண்ட 61 பெண்களில் ஒருவருக்கும் கருப்பைப் புற்று வரவில்லை. எடுக்காத 210 பேரில் 33 விழுக்காட்டினருக்கு வந்தது. சினைப்பைகளையும் எடுத்தபின் இளவயதுப் பெண்ணுக்கு ஹார்மோன் மாற்று வேண்டியிருக்கும். அதைப் பேசாமல் அறுவைக்குத் தேதி குறிக்கக் கூடாது. அதுவரை, மாதவிடாய்க்கு இடையிலோ மாதவிடாய் நின்றபின்போ ஒரு துளி இரத்தம் பட்டாலும் பயாப்ஸி.

நூற்றுக்கணக்கான பாலிப்புகள், சொந்தத்தில் கல்யாணம்

லிஞ்சைவிட அரிதானது, ஆனால் தவறவிடவே கூடாதது குடும்பப் பாலிப் நோய். 1991-ல் கண்டறியப்பட்ட ஏ.பி.சி. மரபணுவின் பழுது. பதின்ம வயதிலேயே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பாலிப்புகள் முளைக்கும். குடலை எடுக்காவிட்டால் நாற்பது வயதை ஒட்டிப் புற்று ஏறக்குறைய நிச்சயம். இங்கே பிள்ளைகளை 10-12 வயதிலேயே சோதிக்க வேண்டும். பழுது இருந்தால் ஆண்டுதோறும் குழாய் விட்டுப் பார்த்து, பெரும்பாலும் பதின்ம வயதின் முடிவிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ பெருங்குடலை எடுக்கிறார்கள். எடுத்தபின்னும் முன்சிறுகுடலிலும் மிஞ்சிய மலக்குடலிலும் கண்காணிப்பு தொடரும். இவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது பெற்றோரிடம் பழுது இருக்காது, புதிதாகத் தோன்றியிருக்கும். குடும்பக் கதை இல்லை என்பதால் இதை விலக்க முடியாது.

இன்னொரு வகை நமக்குத் தனியாக முக்கியம். எம்.யூ.டி.ஒய்.எச். மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால், பத்து முதல் சில நூறு வரை பாலிப்புகள் வரும். கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் 2002-ல் இதை விவரித்தார்கள். இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறிப்பிட்ட பழுது இம்மரபணுவில் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அப்பா, அம்மா இருவரும் ஒரு பழுதோடு ஆரோக்கியமாக இருப்பார்கள். பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு இரண்டும் சேரும். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் உள்ள தமிழ்நாட்டில், கணவன், மனைவி இருவரும் ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

லிஞ்சுக்கும் இது பொருந்தும், இன்னும் கடுமையாக. லிஞ்ச் உள்ள குடும்பத்துக்குள்ளேயே மணம் முடித்து, இருவரும் பழுதைச் சுமந்தால், அவர்களின் பிள்ளை இரண்டு பழுதான பிரதிகளோடு பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்குத் தோலில் காபி நிறத் திட்டுகளும், சிறுவயதிலேயே மூளைக்கட்டியும் இரத்தப் புற்றும், பத்து பன்னிரண்டு வயதில் குடல் புற்றும் வரலாம். ஆகவே ஒருவருக்கு லிஞ்ச் உறுதியாகி, அவர் சொந்தத்தில் மணந்திருந்தால், அடுத்த கருவுக்கு முன் வாழ்க்கைத்துணையையும் சோதிக்க வேண்டும். ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளின் தோலில் இத்தகைய திட்டுகள் இருந்தால், குழந்தைகள் புற்றுநோய் மருத்துவரிடம் அந்த மரபணு அறிக்கையோடு போக வேண்டும்.